தோடு என்றால் ஓலை

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் வாங்கும் பூசைப் பொருட்களில் காதோலை கருகமணி என்று ஒன்று இருக்கும். சாயம் ஏற்றிய சின்னப் பனையோலைச் சுருள், கூடவே கறுப்பு மணி. இது எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "தங்கத்தோடு போட வசதி இல்லாதவங்க அந்தக் காலத்துல போட்டது." கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. ஓலை தங்கத்தைப் பார்த்துச் செய்ததல்ல, தங்கம்தான் ஓலையைப் பார்த்துச் செய்தது.

முதல் சாட்சி சொல். தோடு என்பதற்கு அகராதியில் காதணி மட்டும் பொருளல்ல. பூவிதழ், ஓலை என்றும் உண்டு. தொல்காப்பிய மரபியல் வெளிப்புறம் வைரம் பாய்ந்த பனை போன்றவற்றைப் புல் என்று வகைப்படுத்தி, அவற்றின் உறுப்புகளைச் சொல்லும்போது தோடு, மடல், ஓலை என்று அடுக்குகிறது. இன்னொரு பழைய காதணியான குழை, அங்கேயே மர உறுப்புகளின் பட்டியலில் வருகிறது. அக்கம்பக்கத்தையும் பாருங்க. கன்னடத்தில் ஓலெ என்றால் பனையோலை, கடிதம், காதணி மூன்றும். தெலுங்கில் கம்ம என்பதற்கும் ஓலை, காதணி இரண்டு பொருளும் உண்டு. மூன்று மொழிகள் ஒரே மாதிரி ஓலைப் பெயரை நகைக்கு வைத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. (தாலியும் தாலம், அதாவது பனை, என்பதிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அந்த ஆதாரம் போதவில்லை, அதனால் இங்கே சேர்க்கவில்லை.)

சொல்லைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது சாட்சி. ஓலையை இறுக்கிச் சுருட்டி காதுத் துளைக்குள் விட்டால் அது விரியப் பார்க்கும். ஸ்பிரிங் வேலைதான். துளையின் விளிம்பு முழுக்க ஒரே சீராக அழுத்தும், எடையும் கிடையாது. துளை தளர்ந்ததும் இன்னும் ரெண்டு சுற்று கூடுதலான சுருள். காது வளர்க்க இதைவிட நல்ல கருவி கிடைக்காது. ஈயக் குணுக்கு, பாம்படம், தண்டட்டி எல்லாம் எடையால் காதை இழுக்கிற கதை, அது வேறு. பசும்பொன்னோ மெத்தென்றிருக்கும் உலோகம். சுருட்டினால் சுருட்டியபடியே கிடக்கும். சுருள் வடிவத்துக்கு ஓலையில் ஒரு காரணம் இருக்கிறது, தங்கத்தில் இல்லை. ஃபிளாப்பியே பார்க்காத பிள்ளைகள் இன்னும் சேவ் பட்டனில் ஃபிளாப்பி படத்தை அழுத்துகிற மாதிரி, வேலை போனபின்னும் வடிவம் மட்டும் தங்கிவிட்டது.

ஏழைகளின் மாற்று நகை என்றால் சிவன் காதுக்கு அது ஏன் போயிற்று? 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் தன் முதல் பதிகத்தைத் தொடங்குவதே இறைவன் காதின் தோட்டைச் சொல்லித்தான். மாணிக்கவாசகர் அது சுருண்ட தோடு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். சோழர் கால நடராசர் செப்புத் திருமேனிகள் பலவற்றில் இடது காது, அதாவது அம்மைக்குரிய காது, பத்ர குண்டலம் அணிந்திருக்கும். பத்ரம் என்றாலும் இலைதான்.

இத்தனைக்கும் மூலம் யாரும் தண்ணி ஊற்றி வளர்க்காத ஒரு மரம். கண்மாய்க் கரை, வரப்பு, புறம்போக்கு, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் என்று மற்றது முளைக்க யோசிக்கிற இடங்களில் நிற்பது. செங்கல் சூளைக்கு எவ்வளவோ போய்விட்டது. வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பே 2021இல், வேளாண்மைக்கான முதல் தனி பட்ஜெட்டில்தான் வந்தது.

அடுத்தமுறை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போனால், தூக்கிய திருவடியைப் பார்த்தபிறகு இரண்டு காதுகளையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள்.