பாய்த்தையலும் குஷன் தையலும்

படகு வேலைக்கான தையல் மிஷின்கள் இரண்டு வம்சங்களைச் சேர்ந்தவை. ஒன்று பாய் தைப்பவர்களின் கூடத்தில் வளர்ந்தது. ஜிக்ஜாக் தையல் அதன் அடையாளம். மற்றொன்று சேணமும் குதிரைவண்டி இருக்கையும் தைத்தவர்களிடமிருந்து வந்தது. நேர்த்தையலும், துணியை மேலும் கீழும் சேர்த்துப் பிடித்து நகர்த்தும் அமைப்பும் அதற்குரியவை. இன்று கித்தான் பட்டறை தொடங்குபவரும் சொந்தப் படகுக்குத் தைக்க நினைப்பவரும் கடையில் படும் தடுமாற்றம் பெரும்பாலும் இந்தப் பிரிவிலிருந்தே எழுகிறது. பிரிவை உண்டாக்கியது துணி. துணி மாறிய ஒவ்வொரு காலத்திலும் மிஷினும் அதன் பின்னால் மாறியிருக்கிறது.

மிஷினுக்கு முன் பாய்த்தையல் முழுக்கக் கைவேலை. இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் 1723-இல் கட்டிய பாய்க்கூடம் இன்றும் நிற்கிறது. அத்தகைய கூடங்களின் நீண்ட மரத்தளத்தில் பாயை விரித்து அளந்து வெட்டுவார்கள். தைப்பவர் தாழ்வான பெஞ்சில் அமர்ந்து, துணியைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் கட்டிய தோல்பட்டையின் இரும்புக் குமிழால் ஊசியைத் தள்ளுவார். ஊசிமுனை முப்பட்டையாக இருக்கும். நெருக்கமாக நெய்த ஆளிநார்க் கித்தானில் உருண்டை ஊசி எளிதில் இறங்காது. பிரிட்டனில் பாய்க்கித்தானின் அகலம் 24 அங்குலம். எனவே பெரிய பாய் ஒன்று பல பட்டைகளின் இணைப்பாகவே இருந்தது. அதன் பலம் முழுவதும் தையலை நம்பியது.

அந்தத் தையலின் இலக்கணம் கண்டிப்பானது. டேவிட் ஸ்டீல் 1794-இல் லண்டனில் வெளியிட்ட கப்பல் கயிறு, பாய் பற்றிய கையேடு, ஒரு கஜ நீளத்துக்கு 108 முதல் 116 தையல் வரை விழ வேண்டும் என்று விதிக்கிறது. அங்குலத்துக்குச் சுமார் மூன்று என்ற கணக்கு. அரச கடற்படையின் பெரிய பாய்களுக்கான நூலில் தேன்மெழுகோடு ஆறில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து கையால் பூசுவார்கள். வணிகக் கப்பல்களுக்கோ எண்ணெயால் இளக்கிய தாரில் நூலைத் தோய்த்தாலே போதும். 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் ‘விக்டரி’ கப்பல் ஏந்திய முன்மரத்து மேற்பாய் ஒன்று இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் பாதுகாக்கப்படுகிறது. சாத்தமில் தைத்த அந்தப் பாயின் பரப்பு 3,600 சதுர அடிக்கு மேல். அதைத் தைக்க ஏறக்குறைய 1,200 மணி நேர உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே கப்பலின் ஒரே பாய்க்கு இவ்வளவு. கப்பல் செலவில் பாய்க்கூடத்தின் பங்கு எத்தகையது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இந்த உழைப்பைக் குறைக்க மிஷின் முயன்ற கதை தோலிலிருந்து தொடங்குகிறது. லண்டனைச் சேர்ந்த தாமஸ் செயின்ட் 1790-இல் பெற்ற காப்புரிமை, தோலில் முதலில் குத்தூசியால் துளையிட்டு, பிறகு நூலைச் செலுத்திச் சங்கிலித்தையல் போடும் கருவியை விவரிக்கிறது. காலணி, பூட்ஸ் வேலைக்கென எண்ணியது அது. கருவி புழக்கத்துக்கு வந்ததற்குத் தடயம் இல்லை. காப்புரிமை ஏடு எண்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிரான்சின் பார்த்தலெமி திமோனியே 1830-இல் காப்புரிமை பெற்று, பாரிசில் ராணுவச் சீருடை தைக்கும் கூடம் அமைத்தார். பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அந்த மிஷின்களை அடித்து நொறுக்கினார்கள். எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைதான் நிலைத்தது. ஊசியின் மேல்நூலும் கீழே ஷட்டில் கொண்டுவரும் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையல் அது. இன்றைய படகு மிஷின்கள் அனைத்தும் அந்தத் தையலையே போடுகின்றன.

1851 ஆகஸ்ட் மாதம் இந்த வரலாற்றில் தனியிடம் பெற வேண்டியது. அந்த மாதம் 12-ஆம் தேதி ஐசக் சிங்கர் தம் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். நேராக மேலும் கீழும் இயங்கும் ஊசி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் ஆகியவற்றோடு தடித்த துணியிலும் நம்பி வேலை செய்யக்கூடிய மிஷினாக அது இருந்தது. பத்து நாள் கழித்து, 22-ஆம் தேதி, இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் ‘அமெரிக்கா’ என்ற படகு பிரிட்டிஷ் படகுகளை வென்றது. பிரிட்டிஷ் படகுகளின் ஆளிநார்ப் பாய்கள் தொய்ந்து உப்பின. நீர் தெளித்து இழைகளை இறுகச் செய்துதான் அவற்றில் காற்றைப் பிடித்தார்கள். அமெரிக்கப் படகின் பாய்கள் நெருக்கமாக நெய்த பருத்திக் கித்தானால் ஆனவை. தட்டையாக விரிந்து வடிவம் குலையாமல் நின்றன. பந்தயப் படகுகள் அதன்பின் வேகமாகப் பருத்திக்கு மாறின. பருத்திக் கித்தான் ஆலையில் ஒரே சீராக நெய்யப்பட்டு வந்தது. பால்டிமோரின் ஆலைகள் இதில் பேர்பெற்றவை. சீரான துணி மிஷினுக்கு ஏற்ற துணி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள் பாய்க்கூடத்தில் வந்து சந்தித்தன.

1854-இல் ஆலன் வில்சன் காப்புரிமை பெற்ற பல் அமைப்பு அடுத்த படி. ஊசித்தட்டின் அடியிலிருந்து பற்கள் எழும், துணியை ஒரு தையல் நீளம் தள்ளும், தாழும், பழைய இடத்துக்குத் திரும்பும். நம் தெருமுனைத் தையற்கடை மிஷினிலும் துணியை நகர்த்துவது இதே நான்கு அசைவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சீருடை, கூடாரம், காலணி என எல்லாவற்றையும் மிஷின் தைக்கத் தொடங்கியது. பிறகு சிங்கர் நிறுவனம் கனத்த வேலைக்கென்றே தனி வரிசைகளை வெளியிட்டது. சேணம், பெல்ட், பாய், தார்ப்பாய் ஆகியவற்றுக்கான 7-ஆம் வகுப்பு மிஷின் ஓர் ஆள் தூக்க முடியாத இரும்புப் பிண்டம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1885-இல் உற்பத்தி தொடங்கிய கில்போவி ஆலையிலிருந்து தோலும் கித்தானும் தைக்கும் 45கே வந்தது. எண்ணுக்குப் பின் வரும் ‘கே’ அந்த ஆலையைக் குறிக்கும் எழுத்து. பழைய மிஷின் தேடுபவர்கள் இன்றும் அந்த எழுத்தைப் பார்த்தே பிறந்த ஊரைச் சொல்வார்கள். ஆனாலும் பாயின் ஓரக்கயிற்றைத் தைப்பதும், வளையங்களை நூலால் கட்டுவதும், மூலைகளுக்குத் தோல் வைப்பதும் வெகுகாலம் கையிலேயே நின்றன. மிஷின் எடுத்துக்கொண்டது நீண்ட இணைப்புகளை மட்டுமே.

அந்த நீண்ட இணைப்பில்தான் பாய்காரர்களின் வழி பிரிந்தது. பாய் ஓயாமல் இழுபடும் பொருள். காற்று திரும்பும்போதெல்லாம் இழுவையின் திசையும் மாறும். நேர்த்தையலின் நூலில் நீள இடமில்லை. துணி நீண்டால் நூல் சுருக்கம் விழச் செய்யும், அல்லது அறும். கைத்தையல் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் துணியின் விளிம்பைச் சுற்றிச் சாய்வாக விழும் தையலில் நெகிழ்வு தானாகவே இருந்தது. மிஷினில் அதை மீட்டுத் தந்தது ஜிக்ஜாக். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பெண்மணி ஹெலன் பிளாஞ்சர்ட் 1873-இல் ஜிக்ஜாக் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். பாய்க்கூடங்கள் பின்னர் அடைந்த பலனைப் பார்த்தால், அவருக்கு இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்க வேண்டும்.

ஜிக்ஜாக்கைத் தவிர்க்க முடியாததாக ஆக்கியது செயற்கை இழை. 1941-இல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் டெரிலீன், அமெரிக்காவில் டேக்ரான் என்று அது பெயர் பெற்றது. 1950-களில் பாய்த்துணி பருத்தியிலிருந்து டேக்ரானுக்கு மாறியது. பருத்தி மெத்தென்றது, நூல் அதில் அமிழ்ந்துவிடும். டேக்ரான் விறைப்பானது, வழுக்கக்கூடியது. நூல் மேற்பரப்பிலேயே நின்று, பாய்மரக் கம்பிகளில் உரசித் தேய்ந்தும் வெயிலில் நைந்தும் போகும். ஆகவே இரண்டு, மூன்று வரிசை ஜிக்ஜாக் போடுவது வழக்கமாயிற்று. பிறகு ஒவ்வொரு சாய்வுக்கும் மூன்று தையல் விழும் மும்மடி ஜிக்ஜாக் வந்தது. இழுவை மேலும் பல துளைகளுக்குப் பங்கிடப்பட்டது. ஜெர்மனியின் பஃபாஃப் 138 போன்ற மிஷின்கள் பாய்க்கூடங்களில் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். பல கூடங்களில் மிஷினைத் தளத்தில் வெட்டிய குழிக்குள் இறக்கி வைத்தார்கள். தைப்பவர் குழியில் அமர்வார். ஊசித்தட்டு தளமட்டத்தில் இருக்கும். பாய் முழுவதும் தரையிலேயே வழுக்கி நகரும். தூக்கிச் சுமக்க ஆள் தேவையில்லை.

குஷன் வேலையின் வம்சம் வேறு. தோலும் ரெக்சினும் சாதாரணப் பல் அமைப்பில் நேர்மையாக நகர்வதில்லை. அடியிலுள்ள அடுக்கைப் பல் தள்ளும். மேலடுக்கு ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். நாலு முழம் தைத்தபின் பார்த்தால் ஒரு பக்கம் விரற்கடை மிஞ்சியிருக்கும். இதற்குத் தீர்வாக மூன்றையும் சேர்த்து நகர்த்தும் முறை வந்தது: பல் கீழிருந்து தள்ளும்போது, துணிக்குள் இறங்கிய ஊசியும் அதே அளவு நகரும், உள் ஃபுட்டும் கூடவே நடக்கும், அவை திரும்பும்வரை வெளி ஃபுட் துணியை அழுத்திப் பிடிக்கும். வாக்கிங் ஃபுட் என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சிங்கரின் 111டபிள்யூ வரிசை இந்த முறைக்குப் புகழ்பெற்றது. மோட்டார்வாகன இருக்கைகளையும், உலகப் போர்க் காலத்தில் பாராசூட் பட்டைகளையும் தைத்தது அது. கான்சூ, ஜூகி, பஃபாஃப் ஆகியவை பின்னர் கொண்டுவந்த நேர்த்தையல் மிஷின்கள் பலவும் அந்த அமைப்பைப் பின்பற்றியவை.

இந்த வம்சம் படகுக்குள் பெருமளவில் நுழைந்தது ஃபைபர்கிளாஸ் காலத்தில். மரப்படகு ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டது. ஃபைபர்கிளாஸ் படகு ஒரே அச்சிலிருந்து வரிசையாக வந்தது. 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான பியர்சன் ட்ரைட்டன் அந்த மாற்றத்தின் அடையாளம். நடுத்தரக் குடும்பங்கள் படகு வாங்கத் தொடங்கின. நுரைமெத்தையும் ரெக்சின் உறையும் தேவைப்பட்டன. 1961-இல் வட கரோலினாவின் கிளென் ரேவன் நிறுவனம் சன்பிரெல்லா என்ற அக்ரிலிக் துணியைக் கொண்டுவந்தது. இழை உருவாகும்போதே சாயம் ஏற்றப்படுவதால் அது வெயிலில் எளிதில் வெளுக்காது, பருத்திபோல் பூஞ்சை பிடித்து மக்காது. படகு உறை, வெயில் மறைப்பு, முன்கூரை என்று ஒரு தனித் தொழிலே அதைச் சுற்றி எழுந்தது. அந்தத் தொழிலுக்கு ஜிக்ஜாக் அவசியமாகவில்லை. விறைத்து நிற்கும் உறைக்கும் மெத்தை விளிம்பின் பைப்பிங்குக்கும் இறுக்கமான, நீண்ட நேர்த்தையலே அழகு, பலமும் அதுவே.

இரண்டு வம்சங்களையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும் முயற்சி படகில் வாழ்பவர்களுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தின் ‘ரீட்ஸ் செய்ல்மேக்கர்’ கையால் சுற்றியே ஜிக்ஜாக் போடும் சிறிய மிஷின். நடுக்கடலில் கிழிந்த பாயை மின்சாரமின்றித் தைக்க அது உதவியது. 1969-இல் பாய் தைக்கும் பொருள்களை வீட்டாருக்கு விற்கத் தொடங்கிய அமெரிக்காவின் செய்ல்ரைட் நிறுவனம் பின்னாளில் இத்தகைய கையடக்க மிஷினை ‘அல்ட்ராஃபீட்’ என்ற பெயரில் செம்மைப்படுத்தியது. கனத்த சக்கரம் அதன் சிறப்பு. மெதுவாகச் சுற்றும்போதும் ஊசி எட்டு மடிப்பில் தயங்காது. எனினும் அதன் ஊசி துணியோடு சேர்ந்து நகராது, பாபினும் சிறியது. நாள் முழுதும் குஷன் தைக்கும் பட்டறைக்கு அது ஈடுகொடுக்காது. படகுக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான மிஷின் குறைவு.

உற்பத்தியின் மையமும் இடம் பெயர்ந்தது. கில்போவி ஆலை 1980-இல் மூடப்பட்டது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரத்துத் தையல் மிஷின் நிறுவனங்களான டுயர்காப், ஆட்லர் இரண்டும் 1990-இல் இணைந்தன. பிறகு சாங்காயைச் சேர்ந்த குழுமத்தின் கைக்குச் சென்றன. இன்று சந்தையில் வெவ்வேறு பெயரில் நிற்கும் வாக்கிங் ஃபுட் மிஷின்களில் பல பழைய வடிவங்களின் சீன வார்ப்புகள். வாங்குபவருக்குப் பெயரைவிட அமைப்பே முக்கியம். பல், ஊசி, ஃபுட் மூன்றும் சேர்ந்து நகர்கிறதா, ஃபுட் எவ்வளவு உயரம் எழும், பாபின் பெரிதா, 92 மற்றும் 138 எண் பாலியெஸ்டர் நூலை 18 முதல் 22 வரையிலான ஊசியில் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மோட்டாரும் கவனத்துக்குரியது. பழைய கிளட்ச் மோட்டார் மிதித்தவுடன் பாயும். சர்வோ மோட்டார் ஒவ்வொரு தையலாக நகரும். மூலையில் ஒரு துளை தவறினாலும் நீர்புகாத துணி வீணாகும் வேலையில், பின்னதே மேல்.

1990-களில் இழைகளை அச்சின்மேல் விரித்து ஒட்டி, முழுப் பாயையும் இணைப்பின்றி வார்க்கும் முறை பந்தயப் படகுகளுக்கு வந்துவிட்டது. உல்லாசப் படகுகளின் பாய்கள் இன்னும் ஜிக்ஜாக்கில் தைக்கப்படுகின்றன. அங்கும் பல இணைப்புகளில் பசைநாடா முதலில் ஒட்டுகிறது, தையல் பிறகு வருகிறது. மெத்தை உறையும் கித்தான் மறைப்பும் அப்படி ஊசியை விட்டு விலகவில்லை. ஆகவே படகு வேலைக்கென ஒரே ஒரு மிஷின் வாங்கும் பட்டறை, மூன்றும் சேர்ந்து நகரும் நேர்த்தையல் மிஷினை முதலில் வாங்குவதே சரி. பாய் தைப்பதே முதன்மை வேலையானால் மட்டும் ஜிக்ஜாக். எதுவானாலும், தைக்கப்போகும் துணியில் மிகத் தடித்த மடிப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே தைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.