கொடுத்த குதிரையும் அனுப்பிய மிதிவண்டியும்

உமர் (ரலி) அவர்கள் ஒருவருக்கு அல்லாஹ்வின் பாதையில் ஒரு குதிரையை அளித்தார்கள். பெற்றவர் அதைச் சரிவரப் பேணவில்லை. அதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், மலிவாகக் கிடைக்கும் என எண்ணி அக்குதிரையை விலைக்கு வாங்க நாடினார்கள். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்துவிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை, கொடுத்த தர்மத்தைத் திரும்பப் பெறலாகாது என்பதற்குச் சான்றாகவே நாம் ஓதி வருகிறோம். அதனுள் மற்றொரு படிப்பினையும் உண்டு. கொடுத்தபின் அப்பொருளின் மீது நமக்கு உரிமை இல்லை. ஆகவே அது எவ்வாறு பேணப்படும் என்பதைக் கொடுக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் கடந்து மிதிவண்டிகளை அனுப்பியோரின் வரலாறு இதையே தெளிவுபடுத்துகிறது.

அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த டேவிட் ஷ்வைடன்பாக் என்பவர் ஈக்வடார் நாட்டில் தொண்டராகப் பணியாற்றியவர். எங்கும் நடந்தே செல்லும் மக்களிடையே, ஒரு மிதிவண்டி ஒருவரின் பிழைப்பை எவ்வளவு உயர்த்தும் என்பதை அங்கே கண்டார். தம் நாட்டிலோ நல்ல வண்டிகள் குப்பைக்குப் போயின. 1991இல் அவர் ‘பெடல்ஸ் ஃபார் ப்ராக்ரஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கி, பழைய வண்டிகளைச் சேகரித்து நிகரகுவா முதலிய நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினார். வண்டி கொடுப்போரிடம் அனுப்பும் செலவுக்கென ஒரு சிறு தொகையும் கேட்டுப் பெறப்பட்டது. சென்று சேர்ந்த வண்டிகளை அங்குள்ளோர் செப்பனிட்டுக் குறைந்த விலைக்கு விற்றனர். தர்மப் பொருளை விற்பதா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அந்தப் பணம்தான் பழுதுபார்க்கும் கடையை நடத்தியது; கடை இருந்ததால்தான் வண்டியும் ஓடியது.

நமக்கு அண்மையிலும் இத்தகைய உதவி வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய நம் மக்கள் வாழும் ஊர்களும் பெருந்துயருக்கு உள்ளாயின. மறு ஆண்டு, மிதிவண்டி உறுப்புகள் செய்யும் ஸ்ராம் நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான எஃப்.கே. டே, தம் மனைவி லியாவுடன் ‘வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்’ அமைப்பைத் தொடங்கினார். அது ‘வேர்ல்ட் விஷன்’ தொண்டு நிறுவனத்துடன் இணைந்து இலங்கையில் 24,000க்கும் அதிகமான மிதிவண்டிகளை வழங்கியது. அவை பழையவை அல்ல, புதியவை. பின்னர் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டுக்குச் சென்றபோது, வண்டியோடு உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் அளித்தது. பாரம் தாங்கும் ஒரே வகை வண்டியை ‘பஃபலோ’ என்னும் பெயரில் உருவாக்கி, அதற்கான உதிரி பாகங்கள் அங்கேயே கிடைக்க வழி செய்தது. பல வகைப் பழைய வண்டிகள் கலந்து சென்றால், ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரு டயர் கிடைக்காமல் முழு வண்டியும் முடங்கிவிடும்.

இந்தப் பாடம் நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் தம் கவசங்களை அல்லாஹ்வின் பாதைக்கென ஒதுக்கி வைத்தார்கள். மக்களிடையே வழக்கில் உள்ள அசையும் பொருட்களையும் வக்ஃப் செய்யலாம் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. வக்ஃபின் வருமானம் முதலில் அதன் பராமரிப்புக்கே செலவிடப்பட வேண்டும், வக்ஃப் செய்தவர் அதை நிபந்தனையாகச் சொல்லாவிட்டாலும் சரியே என்று ஹிதாயா விளக்குகிறது. பயன் தொடர்ந்தால்தானே அது ஸதகா ஜாரியா ஆகும்?

நம் பேரிகைக்கு இதில் என்ன தொடர்பு என்று வினவலாம். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்டது. இன்று தொழிற்சாலைக்குச் செல்வோர் பெரும்பாலும் பைக்கிலும் கம்பெனி பேருந்திலும் செல்கின்றனர். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியும், பிள்ளைகள் படிப்பை முடித்தபின் பல வீடுகளில் சுவரோரம் சாய்ந்துவிடுகிறது. அதைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியதில்லை. எல்லையோரச் செங்கல் சூளையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் ஒரு குடும்பத்திற்கு அது இன்றும் பெரிய உதவி.

ஆனால் துருப்பிடித்த செயினும் வெடித்த டியூபுமாக அதை ஒருவர் வாசலில் நிறுத்திவிட்டு வருவது, நம் இடத்தைக் காலி செய்வதேயன்றி ஈகை ஆகாது. நாமே கண்ணை மூடிக்கொண்டன்றி ஏற்காத பொருளைத் தர்மமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சூரத்துல் பகராவின் 267ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே முதலில் சைக்கிள் கடையில் கொடுத்துச் செப்பனிடுவோம். பிரேக் பிடிக்கிறதா என்று நாமே ஓட்டிப் பார்ப்போம். பெறுபவர் ஓராண்டு பஞ்சர் ஒட்டவும் டயர் மாற்றவும் ஆகும் தொகையை, அவர் பெயரில் அக்கடையிலேயே முன்பணமாகக் கட்டிவிடுவோம். ஊர் ஜமாஅத் முன்வந்தால் இதை ஒரு சிறு வக்ஃபாகவே நடத்தலாம்.

கொடுத்தபின் அந்த வண்டி அவருடையது. அதை அவர் விற்றாலும், பிறருக்குக் கொடுத்தாலும் கணக்குக் கேட்பது நமக்கு முறையன்று. உமர் (ரலி) அவர்களின் குதிரை நமக்கு வகுத்த எல்லை அது. அந்த எல்லைக்கு இப்பால், கொடுக்கும் வரையில் நம் கடமையை முழுமையாகச் செய்ய வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.