ஜட்கா குதிரையும் வேப்பேரி ஆஸ்பத்திரியும்

முகப்பேரில் நாய் வளர்க்கிற வீடுகளுக்குப் பழக்கமான காட்சி இது. நாய் இரண்டு வாரமாக விடாமல் சொறிகிறது, காதோரம் முடி கொட்டுகிறது. பக்கத்து வீட்டு மாமி வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார், எதிர்வீட்டுத் தாத்தா மஞ்சள் என்கிறார். எல்லாம் முடிந்து கடைசியில் ஒருநாள் காலை ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கே டாக்டர் ஒரு பிளேடை எடுத்து லேசாக ரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டுகிறார்! தடவ மருந்து கேட்டு வந்தவர்களுக்குக் கோபம் வராதா என்ன? ஆனால் அந்தச் சுரண்டலுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

கதை நாயில் ஆரம்பிக்கவில்லை, குதிரையில் ஆரம்பிக்கிறது. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கியபோது ஊரை இழுத்துக்கொண்டிருந்தது குதிரையும் மாடும்தான். குதிரைக்கு அப்போது பெரிய எமன் கிளாண்டர்ஸ். அது தோலில் வந்தால் பெயர் ஃபார்சி. காலில் முடிச்சு முடிச்சாகக் கட்டி கிளம்பி, உடைந்து, புண்ணாகும். மனிதருக்கும் தொற்றும். 1899-ல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டம் அமலில் இருந்த இடத்தில், நோய் இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும். ஜட்காக்காரருக்கு முதலீடு, இயந்திரம், தினசரி வருமானம் மூன்றும் ஒரே குதிரைதான். ஒரு புண்ணோடு கணக்குப் புத்தகமே மூடிவிடும்.

கொடுமை என்னவென்றால், பூஞ்சையால் வரும் வேறொரு நோயும் பார்ப்பதற்கு அச்சு அசலாக ஃபார்சி மாதிரியே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. 1882-ல் ஜெர்மனியில் லோஃப்லரும் ஷூட்ஸும் கிளாண்டர்ஸ் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 1890-களின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசில் ஹெல்மன், கால்னிங் இருவரும் மல்லீன் என்ற சோதனை மருந்தைக் கண்டுபிடித்தார்கள். ஊசி போட்ட இடம் வீங்கினால் நோய் உண்டு என்று அர்த்தம். அந்த ஆராய்ச்சியிலேயே நோய் தொற்றி கால்னிங் இறந்துபோனார்.

சொறிக்கு வருவோம். சொறிக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி என்று 1687-லேயே இத்தாலியில் பொனோமோ எழுதிவிட்டார். உலகம்தான் நம்பவில்லை. 1834-ல் பாரிஸில் ரெனூச்சி என்ற மாணவர் (ஆமாம், மாணவர்தான்!) ஒரு நோயாளியின் தோலில் இருந்து ஊசி முனையால் அந்தப் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகுதான் பேராசிரியர்கள் வாயை மூடினார்கள். இன்று வேப்பேரியில் சுரண்டித் தேடுவதும் இந்த மாதிரிப் பூச்சிகளைத்தான். ஒரு வகை வீட்டு மனிதருக்கும் அரிப்பைக் கொடுக்கும். இன்னொரு வகை, டெமோடெக்ஸ், பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, நமக்கு ஒட்டாது. இரண்டுக்கும் மைக்ராஸ்கோப்தான் சாட்சி.

மிருகங்களின் தோலுக்கு என்று தனி மருத்துவம் வளர்ந்தது ரொம்பப் பின்னால். மல்லரும் கிர்க்கும் எழுதிய பாடநூல் 1969-ல்தான் வந்தது. பெரிய திருப்பம் ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணில் ஓமுரா எடுத்த கிருமியிலிருந்து பிறந்து, 1981-ல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2015-ல் ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் கோலி இன நாய்களுக்கு அதிக அளவில் கொடுத்தால் அதுவே விஷம். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

டெமோடெக்ஸ் வந்த நாய்க்கு முடி முளைத்ததுமே பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர்கள் மாதம் ஒருமுறை மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை பூச்சி தென்படாவிட்டால்தான் மருந்தை நிறுத்துவார்கள். அதுவரை ஆட்டோ சத்தம் கேட்டாலே நாய் கட்டிலுக்கு அடியில்தான்...