90 கி.மீ. ஓட்டம்: தண்ணி பாக்கெட், உப்பு உருளைக்கிழங்கு, 'பஸ்'... காம்ரேட்ஸ் மாரத்தானைத் தாங்கிப் பிடிக்கும் தெருவோர மக்கள்

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதை முடிப்பதற்குள்ளேயே பலருக்கு நாக்கு தள்ளிவிடும். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் தூரம் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 87 முதல் 90 கி.மீ. வரை ஓட வேண்டும். 1893-ல் காந்தியை ரயிலில் இருந்து இறக்கிவிட்டாங்களே, அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான்.

பேர்தான் மாரத்தான், உண்மையில் இது ஒரு மலை ஏற்றம். கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என ஐந்து பெரிய மேடுகள். எல்லாத்தையும் 12 மணி நேரத்துக்குள் கடந்தாகணும். ஆயிரக்கணக்கானவர்கள் இதை முடிப்பதற்கு அவர்களின் கால் மட்டும் காரணம் இல்லை. வழி நெடுக மேஜை போட்டு நிற்கும் மக்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எப்படி ஆரம்பித்தது?

முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய விக் கிளாப்ஹாம் என்ற ரயில் ஓட்டுநர், போரில் இறந்த தோழர்களின் நினைவாக இதைத் தொடங்கினார். 1921 மே 24-ல் நடந்த முதல் ஓட்டத்தில் 34 பேர் கிளம்பி, 16 பேர்தான் முடித்தார்கள். அந்தக் காலத்தில் ஓடுபவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கூடவே ஒரு நண்பரோ சொந்தக்காரரோ வருவார். கூட்டம் பெருகியதும் அது சரிப்பட்டு வரவில்லை. இப்போது ஓட்டக் குழுக்கள், உள்ளூர் அமைப்புகள், பக்கத்துத் தெருக்காரர்கள் என ஆளுக்கொரு மேஜையைப் பொறுப்பெடுத்துக்கொள்கிறார்கள்.

மேஜையில் என்ன இருக்கும்?

பாட்டில் கிடையாது. நம்ம ஊர் தண்ணி பாக்கெட் மாதிரியே சின்ன பிளாஸ்டிக் பை. மூலையைப் பல்லால் கடித்துவிட்டு ஓடிக்கொண்டே குடிக்கலாம், மிச்சத்தைத் தலையில் பீய்ச்சிக்கொள்ளலாம். கூடவே கோலா, வாழைப்பழம், ஆரஞ்சு, உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு அப்புறம் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது அந்த உருளைக்கிழங்குதான் அமிர்தம்.

பார்க்க சுலபமான வேலைதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. வேகமாக ஓடுபவர்கள் ஒரு மேஜையைக் கடந்து பல மணி நேரம் கழித்துத்தான் கடைசி ஆள் அங்கே வருவார். அதிகம் தவித்துப் போயிருப்பவரும் அவர்தான். முன்னால் வருபவர்களுக்கே அள்ளிக் கொடுத்துவிட்டால் அவருக்கு எதுவும் மிஞ்சாது. 2007-ல் அமெரிக்காவின் சிகாகோ மாரத்தானில் கடும் வெயிலால் ஓட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று மெதுவாக ஓடியவர்கள் புகார் சொன்னதும் அப்போதுதான்.

தண்ணீர் அதிகமானாலும் ஆபத்தா?

ஆமாம். அதைக் கண்டுபிடித்ததில் காம்ரேட்ஸுக்கே ஒரு பங்கு உண்டு. 1981 ஓட்டத்தில் பங்கேற்ற ஒரு பெண், அளவுக்கு மீறி நீர் குடித்ததால் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனார். உடம்பில் தண்ணீர் கூடி, ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கும் நிலை அது. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ், இதையும் இதுபோன்ற வேறு சில பாதிப்புகளையும் 1985-ல் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகு 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது தெரியவந்தது.

அதனால் தண்ணீரை நீட்டலாம், திணிக்கக் கூடாது. ஒருவர் தள்ளாடுகிறார், வாந்தி எடுக்கிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் "இன்னும் கொஞ்சம் குடிங்க" என்பது தப்பு. உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடணும். அது வெயிலால் வந்த மயக்கமா, சோடியம் குறைவா என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கைதட்டுவதற்கும் பள்ளிக்கூடமா?

பாதி தூரத்துக்குப் பக்கத்தில், இன்சாங்காவில், எதெம்பேனி என்ற பள்ளி இருக்கிறது. சூலு மொழியில் 'நம்பிக்கையின் இடம்' என்று பொருள். மாற்றுத்திறனாளி, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் இந்தப் பள்ளியில் இருந்து மாணவர்கள் வெளியே வந்து சாலையோரம் கை நீட்டியபடி இருப்பார்கள். ஓடுபவர்கள் ஒவ்வொரு கையையும் தட்டிவிட்டுப் போவார்கள். இதற்காகவே வேகத்தைக் குறைப்பவர்கள் உண்டு, பரிசுப் பொருளைச் சுமந்துகொண்டு ஓடி வருபவர்களும் உண்டு.

மற்ற இடங்களிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓடுபவரின் நெஞ்சில் இருக்கும் அட்டையில் பேரும், இதுவரை எத்தனை முறை முடித்தார் என்ற கணக்கும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு "விடாதே" என்று கத்தினால், நின்ற கால் தானாக நகரும்.

'பஸ்' என்றால் என்ன?

சக்கரம் இல்லாத பஸ் இது. அனுபவமுள்ள ஓட்டக்காரர் ஒருவர், முடிக்கப்போகும் நேரத்தை எழுதிய கொடியோடு சீரான வேகத்தில் ஓடுவார். அவருக்குப் பேர் 'டிரைவர்'. பின்னால் ஒரு பெரிய கும்பல் பாட்டுப் பாடிக்கொண்டே ஓடும். எங்கே நடக்கணும், எங்கே ஓடணும் என்பதை டிரைவர் பார்த்துக்கொள்வார்.

நிஜ பஸ்ஸும் உண்டு. இடையில் இருக்கும் நேரக்கெடுவைத் தாண்டாதவர்களை ஏற்றிக்கொண்டு போக. அதில் ஏற யாருக்கும் மனசு வராது.

எல்லோரும் ஓட முடிந்ததா?

இல்லை. 1975 வரை அதிகாரபூர்வமாக வெள்ளையின ஆண்கள் மட்டும்தான். 1923-ல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண்ணும், 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவரும் ஓடி முடித்தார்கள். இரண்டுமே கணக்கில் சேரவில்லை. 1860-ல் சென்னையில் இருந்து கப்பல் ஏறிப் போன தமிழர்களின் வம்சாவளியினர் டர்பனில் நிறைய பேர். அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்கும் சாலையோரம்தான் இடம்.

12 மணி நேரம் முடிந்ததும்?

ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். யார் வருகிறார்கள் என்று பார்த்து இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒரு நொடி தாமதித்தாலும் பதக்கம் இல்லை. ஜூன் அங்கே குளிர்காலம் என்பதால் அதற்குள் இருட்டிவிடும். சாலையோரத்தில் மேஜைகளை மடக்கிவிட்டு, காலையில் குளிருக்குப் போட்டு வந்து ஓட்டக்காரர்கள் கழற்றி வீசிய பழைய சட்டைகளையும், மிதிபட்ட தண்ணி பாக்கெட்டுகளையும் பொறுக்கும் வேலை பாக்கி இருக்கும்.