திருவிழாவுக்கு ரூம் போட்ட கதை

திருநெல்வேலி ஜங்ஷனில் லாட்ஜ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். சாதாரண நாளில் வருகிறவர் கேட்பது ஒன்றுதான்: "டபுள் ரூம் என்ன வாடகை?" திருவிழா நாளில் வருகிறவர் வாடகையைக் கேட்க மாட்டார். "அண்ணாச்சி, நமக்கு விளாத்திகுளம். நம்ம மச்சினன் இங்கதான் முன்னாடி கேஷ்ல இருந்தாரு" என்று ஆரம்பிப்பார். 'ரூம் காலி இல்லை' என்ற போர்டு அவர் கண்ணெதிரேதான் தொங்கும். அதைப் படித்துவிட்டுத்தான் பேசுவார். பல வருஷம் இது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வேலையை விட்டபின் பழைய சத்திரங்களின் சங்கதிகளைத் தேடிப் படித்தபோதுதான் அவர் பேச்சின் வேர் புரிந்தது. இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரையில் திருவிழாவுக்குத் தங்குவது காசு கொடுத்து வாங்கும் சரக்காக ஆனது மிகச் சமீப காலத்தில்தான். அதற்கு முன் அது கேட்டு வாங்கும் உரிமை.

பாபநாசம் தொடங்கிக் கடலைச் சேரும்வரை தாமிரபரணிக்குப் படித்துறைக்கும் மண்டபத்துக்கும் பஞ்சமில்லை. கைலாசபுரத்துத் தைப்பூச மண்டபம், குறுக்குத்துறை என்று திருநெல்வேலிக்குள்ளேயே எத்தனையோ. குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள் இருப்பவர். வெள்ளம் ஏறினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். சாமிக்கே மழைக்காலத்துக்கு வேறு ஜாகை. மனுஷன் பாடு கேட்கவே வேண்டாம். 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டும்வரை, பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து நெல்லையப்பர் கோயிலுக்கு வருகிறவன் ஆற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும். தண்ணீர் பெருகினால் அது வடியும்வரை கரையில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தவனுக்கு மண்டபத்துக் கல்தரைதான் அறை, முடிச்சில் இருந்த அவல்தான் சாப்பாடு.

சாலைக்குச் சாலை சத்திரம் என்றால் நம் பக்கத்தில் முதலில் வாயில் வருவது ராணி மங்கம்மாள் பெயர். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவர். 'மங்கம்மாள் சாலை' என்று இன்றும் கை காட்டுகிற ஊர்கள் தெற்கே உண்டு. அவருக்குப் பின் ஜமீன்தார்கள், வியாபாரிகள், மடங்கள். நிலத்தை எழுதி வைப்பார்கள். அந்த நெல்லில் சத்திரம் ஓடும். கும்பினிக்காரர்கள் வந்தபின் சென்னை மாகாணத்தில் 1817-ம் வருஷத்து ஏழாவது ரெகுலேஷன், கோயில்களோடு சேர்த்துப் பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கான மானியங்களையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. பிறகு 1863-ல் கோயில் விவகாரமே வேண்டாம் என்று சர்க்கார் கையைக் கழுவியது. சத்திரங்கள் மெல்ல மெல்ல உள்ளூர் போர்டுகளின் கணக்கில் போய் விழுந்தன. மானிய நிலம் எந்தக் கைக்குப் போனது, நெல் எந்தக் குதிருக்குப் போனது என்று தோண்டினால் அது தனிக் கதை. நான் அதற்குள் போகவில்லை.

சத்திரம் என்றதும் சிலர் உருகிப் பேசுவார்கள். காசு வாங்காமல் சோறு போட்டார்கள், என்ன ஒரு தர்மம் என்பார்கள். தர்மம்தான். ஆனால் யாருக்கு? பல சத்திரங்களில் சமைத்த சோறு பிராமணருக்கு மட்டும். மற்றவருக்குத் திண்ணை. இன்னும் சிலருக்குத் திண்ணையும் இல்லை. ஊருக்கு வெளியே மரத்தடி. இங்கே ஆற்றோரத்திலேயே, சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1924-25-ல் மாகாணத்தையே கலக்கியது. தேசபக்தர் நடத்திய பள்ளிக்கூடத்திலேயே அப்படியென்றால், சத்திரத்தை எண்ணிப் பாருங்கள். இடம் கிடைக்காத சாதியார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் வியாபாரிகள் மகமை என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தொகை எடுத்துப் பொதுநிதி சேர்த்து, வண்டி மாட்டோடு பத்திரமாகத் தங்கப் 'பேட்டை'கள் கட்டினார்கள். நகரத்தார் 1863-ல் காசியிலேயே சத்திரம் வைத்தார்கள். திருச்செந்தூரில் இன்றைக்கும் சாதிக்கொரு மண்டபம் இருக்கிறது. கந்த சஷ்டிக்குப் போகிற குடும்பம் தன் சமுதாய மண்டபத்தில் இடம் கேட்பது முன்பதிவு மாதிரி இருக்காது, பங்காளி வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் லாட்ஜை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. 1876-ல் ரயில் திருநெல்வேலிக்கு வந்தது. 1923-ல் திருச்செந்தூர் வரை நீண்டது. ரயிலில் இறங்குகிறவன் யார், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அவனுக்காக ஸ்டேஷனைச் சுற்றி முளைத்தவைதான் காசுக்கு அறை விடும் இடங்கள். அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு ஓட்டல்களில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலை, சராய் வரைக்கும் அதைக் கொண்டுபோனது. எங்கள் லெட்ஜரில் பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்த காரியம் என்று கட்டங்கள் இருந்தன. சாதிக்குக் கட்டம் கிடையாது. வாயால் நூல் விட்டுப் பார்த்த முதலாளிகளும் உண்டு, மறைப்பானேன்.

நான் சேர்ந்த காலத்தில் ரூம் போடுவது தபால் கார்டில். "ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி வருகிறோம், பெரியவர்கள் நால்வர், சிறுசுகள் மூன்று, அட்வான்ஸ் மணியார்டரில்" என்று எழுதியிருப்பார்கள். மணியார்டர் கூப்பனைக் கிழித்து லெட்ஜரில் குண்டூசியால் குத்தி வைப்பேன். நெல்லையப்பர் தேரோட்டம் சுற்றுவட்டாரத்து விழா. டவுனில் சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். ரூமில் இரண்டு கட்டில் இருக்கும். ஏழு பேர் படுப்பார்கள். கூடுதல் ஆளுக்குப் பாய், தலையணைக்குத் தனி வாடகை. இருபத்து நாலு மணி நேரக் கணக்கு என்பதால் தேர் நிலைக்கு வரத் தாமதமானால் கவுண்டரில் சண்டை வரும். தேர் நின்றதற்கு நானா பொறுப்பு?

ரூம் என்ற பேச்சே இல்லாத திருவிழாவும் இங்கே ஒன்று உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை. முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், ஆற்றோரத்தில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். கம்பு, ஓலை, தார்ப்பாய், அண்டா, அம்மி, கிடா எல்லாம் லாரியில் போகும். எங்கள் ரூம் பாய் ஒருவன் வருஷா வருஷம் அந்த வாரம் லீவு கேட்காமலே போய்விடுவான். "ரெண்டு பாறைக்கு நடுவுல உள்ளது நம்ம இடம் அண்ணாச்சி. தாத்தா காலத்துலேர்ந்து. நாம பிந்திப் போனாலும் வேற ஆளு இறங்க மாட்டான்" என்பான். பட்டா கிடையாது, ரசீது கிடையாது. பக்கத்துக் குடில்காரன் சாட்சிதான் பத்திரம். நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். அவன் சொன்ன பாறை இடுக்கில் அடுப்புக்கல் மூன்றும் போன வருஷத்துக் கரியோடு அப்படியே கிடந்தன. அவன் அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பானையை ஏற்றினாள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வந்து அமர்ந்து காட்சி தருவார். 2020-ல் அவர் காலமானார். முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 1988-ல். அதன்பின் வனத்துறையின் கட்டுப்பாடு ஏறிக்கொண்டே வந்து, இப்போது தங்கலாம் என்று விடுவது சில நாள்தான். சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறு என்கிறார்கள். ஆற்றில் சேரும் பிளாஸ்டிக்கையும் துணியையும் பார்த்தால் வனத்துறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அடுப்புக்கல்லுக்கு மூன்று நாள் போதாது என்பான் அந்தப் பையன்.

பாளையங்கோட்டைக்காரர்களின் வழி வேறு. பள்ளிக்கூடம் அதிகமுள்ள ஊர். கிறிஸ்தவக் கன்வென்ஷன் என்றால் வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் ஒரு கட்டடம் என்று முடித்துவிடுவார்கள். பிரசங்கியாருக்கு மட்டும் எங்களிடம் ரூம்.

இந்த எல்லா வழக்கத்தையும் தலைகீழாக்கியது 2018 அக்டோபரில் வந்த தாமிரபரணி மகா புஷ்கரம். என் ஆச்சி வாயில் புஷ்கரம் என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தைப்பூசமும் ஆடி அமாவாசையும்தான். குரு ஒரு ராசியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரும்போது அந்த ராசிக்குரிய நதியில் நீராடுவது ஆந்திரக்காரர்களுக்கு ஊறிய வழக்கம். 2015-ல் கோதாவரி, 2016-ல் கிருஷ்ணா, 2017-ல் காவிரி, அடுத்து விருச்சிகத்துக்கு நம்ம ஆறு. குரு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுகிறார். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி 144 வருஷத்துக்கு ஒருமுறை என்று போஸ்டர் அடித்தார்கள். போஸ்டர் வேலை செய்தது.

தெலுங்குக் குழுக்களின் ஏஜெண்டுகள் மாதக்கணக்கில் முன்னாடியே வந்தார்கள். நாலு நதியைப் பார்த்த அனுபவசாலிகள். வாடகையைப் பேசுவதற்கு முன் மொட்டை மாடியைக் காட்டச் சொன்னார்கள். ஈரத் துணி உலர்த்த இடம் வேண்டுமாம். அடுத்து, சமையல்காரர் அடுப்பு மூட்டப் பின்கட்டு உண்டா, பெரிய பஸ் திரும்புமா, ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். கேட்டு முடித்து மொத்த மாடியையும் பேசி அட்வான்ஸை எண்ணி வைத்தார்கள். லாட்ஜ் தீர்ந்ததும் கல்யாண மண்டபம். புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, மண்டபங்கள் காலி. ஆனால் புஷ்கரத்தின் பின்பாதி ஐப்பசிக்குள் விழுந்தது. அந்த நாள்களுக்குப் பெண் வீட்டாரும் புஷ்கரக்காரரும் ஒரே மண்டபத்து வாசலில் நின்றார்கள். போதாததற்குக் குலசேகரப்பட்டினம் தசராவும் அதே வாரத்தில். வேஷம் கட்டிய காளிகளுக்கும் ரூம் வேண்டுமே. தைப்பூச மண்டபத்திலும் குறுக்குத்துறையிலும் குளிக்க விடலாமா என்பதோ நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.

வாடகை எகிறியது. எங்கள் லாட்ஜிலும்தான். அப்போது ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்தக் கோட்டைத் தாண்டி விலை வைக்கலாமா என்று முதலாளி ஒரு நாள் முழுக்க யோசித்தார், தாண்டிவிட்டார். அந்தச் சலுகை 2022 ஜூலை 18-ல் போய், சின்ன அறைக்கும் 12 சதவீதம் வந்தது. கோயில் வளாகத்தில் அறக்கட்டளை நடத்தும் மலிவு அறைகளுக்கு மட்டும் விலக்கு தொடர்ந்தது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் சராய்களுக்கு வரி உண்டா என்று சர்ச்சை கிளம்பி, இல்லை என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. சத்திரம் வேறு, லாட்ஜ் வேறு என்று வரிக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டுமே இல்லாத இடத்தில் ஊரே சத்திரமானதும் உண்டு. 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறக்குறைய 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்போதே கோயிலில் உலை வைத்துப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். எந்தத் தெரு, என்ன ஆளு என்று கேட்டதாக யாரும் சொல்லவில்லை. மங்கம்மாள் காலத்துச் சத்திரத்தைவிட ஒரு படி மேலே என்றுதான் நான் சொல்வேன்.

2025 ஜூலை 7 திருச்செந்தூர் குடமுழுக்குக்கு என் பழைய போன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டவர்கள் கொஞ்சமல்ல. ஆப்பில் எல்லாம் 'ஃபுல்' என்று வந்துவிட்டதாம். விளாத்திகுளத்துக்காரர் மகனும் பேசினான். அப்பா சொன்ன அதே மச்சினன் கதையைச் சொன்னான். வண்ணார்பேட்டையில் ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தேன். குடமுழுக்கு அதிகாலையில். ஆகவே பெட்டியை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு, முந்தின ராத்திரியே குடும்பத்தோடு போய்த் திருச்செந்தூர் கடற்கரை மணலில் படுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் வாடகை கட்டிய அறையில் அவர்கள் குளித்ததோடு சரி.