அரிவாள் உயிரணுப் பண்பு (நீலகிரி)

அரிவாள் உயிரணுப் பண்பு, இயற்கைத் தேர்வுக்கு மனித இனத்திலிருந்தே கிடைத்துள்ள மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று. ஓரினத்து உயிர்களுக்குள் வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் சில வழிவழியாக இறங்கும். சூழலுக்கு ஒத்த வேறுபாடு உடையவை மிகுதியாகப் பிழைத்துச் சந்ததி பெருக்கும். டார்வினும் வாலஸும் 1858-இல் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கையின் சாரம் இதுவே.

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் அமைவதால் இப்பண்பு உண்டாகிறது. இதற்குக் காரணமான மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்குக் கடும் சோகையும் உடல்வலியும் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர், அதாவது பண்புடையவர், பெரும்பாலும் நலமாக இருப்பர். உயிர் குடிக்கும் பால்சிபாரம் மலேரியாவையும் பெருமளவு தாங்குவர். மலேரியா மிகுந்த நிலத்தில் இவர்கள் அதிகம் பிழைத்ததால் மரபணுவும் நிலைத்தது. வட ரொடீசியாவில் பீட் என்பவர் 1946-இல் இந்தப் பாதுகாப்பின் அறிகுறியைக் கண்டார். ஹால்டேன் 1949-இல் தலசீமியா என்ற மற்றோர் இரத்த நோயை ஒட்டி, மலேரியாவே மரபணுவை நிலைக்கச் செய்கிறது என்ற கருத்தை எழுதினார். 1954-இல் ஆலிசன் அரிவாள் உயிரணுப் பண்புக்கு அதைக் கிழக்காப்பிரிக்கச் சான்றுகளுடன் நிறுவினார். கருத்து முதலில் யாருடையது என்பதில் ஒருமித்த முடிவில்லை. 

1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் இப்பண்பைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் மேல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது அறியப்பட்டது. இருளர், பணியர், குறும்பர் முதலியோர் வாழ்ந்த காட்டுச் சரிவுகளில் மலேரியா நெடுங்காலம் கொடியதாக இருந்தது. இப்பண்பை அறியும் சோதனை எளியது. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, ஆக்சிஜனை நீக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட்டுக் கரைசலில் கலந்து, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி வைப்பர். சற்று நேரத்தில் வட்டச் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நீண்டு, வளைந்து, முனை கூர்ந்து, கதிரறுக்கும் அரிவாளின் வடிவம் கொள்வதை நுண்ணோக்கியில் காணலாம். காண்போர் எளிதில் மறவாத காட்சி அது.

இம்மரபணு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா சென்றிருக்கலாம் என்று லேமன் கருதினார். 1980-களின் டி.என்.ஏ. ஆய்வுகள் இம்மரபணுவின் அரபு-இந்திய வகை தனியே தோன்றியது என்பதற்கு ஆதரவாயின. 2018-இல் வந்த ஆய்வொன்று எல்லா வகைக்கும் மூலம் ஒன்றே என்கிறது. இந்திய வகையில் நோய் மென்மையானது என்பது பழைய கூற்று. எல்லா வட்டாரத்துக்கும் அது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

2047-க்குள் அரிவாள் உயிரணு நோயை ஒழிக்கும் இந்தியத் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1-இல் தொடங்கியது. பண்புடைய இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே இப்பண்பு காணப்படும் சமூகத்தார் மணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.