இந்தியாவின் குவாண்டம் திட்டம்: அறிவிப்பு கருவியாகுமா?

2023 ஏப்ரல் 19 ஆம் திகதி இந்திய மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் திட்டத்திற்கு அங்கீகாரம் வழங்கியது. 2023-24 முதல் 2030-31 வரையான எட்டு ஆண்டுகளுக்கென 6003.65 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. இவ்வறிவிப்பு பெரிதும் வரவேற்கப்பட்டதில் வியப்பேதுமில்லை. ஆயினும் இதே நோக்கத்திற்கு இதனிலும் பெரியதொரு தொகை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்ததை நாம் மறந்துவிடலாகாது. 2020 பெப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், குவாண்டம் தொழில்நுட்பத்திற்கு ஐந்து ஆண்டுகளில் 8000 கோடி ரூபா வழங்கப்படுமெனக் கூறப்பட்டிருந்தது.

அவ்வாக்குறுதி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் கழிந்து திட்டம் மீண்டும் தலைகாட்டியபோது தொகை குறைந்திருந்தது, காலமோ நீண்டிருந்தது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1600 கோடி என்றிருந்தது ஏறத்தாழ 750 கோடியாகச் சுருங்கியது. குவாண்டம் கணினியின் வன்பொருளைப் பொறுத்தவரை இந்தத் தாமதம் சாதாரணமானதல்ல. மென்பொருளாயின் திறமைமிக்க இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி ஓரிரு ஆண்டுகளில் இழந்ததை ஈடுசெய்துவிடலாம். இக்கருவியின் தன்மை வேறு.

பௌதிகவியலில் தேர்ச்சி பெறாத நமக்கும் விளங்கக்கூடிய அளவில் கூறுவதாயின், இன்று பல நாடுகளும் உருவாக்கிவரும் குவாண்டம் கணினிகளில் ஒரு வகை, மீகடத்திகளாலான நுண்ணிய மின்சுற்றுகளைக் கொண்டது. கியூபிட் எனப்படும் இதன் தகவல் அலகு சிறிதளவு வெப்பத்தையும் தாங்காது. எனவே தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்களவுக்கு அதனைக் குளிர்விக்க வேண்டும். இருவகை ஹீலியத்தைக் கலந்து இயக்கும் விசேட குளிர்பதனக் கருவி இதற்குத் தேவை. அக்குளிரினூடே நுண்ணலைச் சமிக்ஞைகளை எடுத்துச்செல்லும் வடங்களும், மிகமெல்லிய சமிக்ஞையைப் பெருப்பிக்கும் கருவிகளும் தேவை. இவ்வளவும் இருந்தும் கணிப்பில் வழுக்கள் நேர்கின்றன. அவற்றைத் திருத்துவதே இத்துறையின் தீராத தலையிடி.

இத்தகைய முயற்சியில் தனியார் முதலீடு மட்டும் போதாமைக்குக் காரணம் காலமே. 2025 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு ஜோன் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜோன் மார்டினிஸ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. மீகடத்தி மின்சுற்றொன்றில் குவாண்டம் இயல்புகள் வெளிப்படுவதை நிரூபித்த அவர்களது பரிசோதனைகள் 1984, 1985 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றவை. அது ஓர் அரச பல்கலைக்கழகம். சிறைப்படுத்திய அயன்களைக் கொண்டு முதலாவது குவாண்டம் தர்க்க வாயில் 1995 இல் செய்துகாட்டப்பட்டதும் அமெரிக்க அரசின் நியமங்கள் தொழில்நுட்ப நிறுவகத்திலேயே. இன்று பங்குச் சந்தையில் பேசப்படும் கம்பனிகளின் அத்திவாரம், இலாபத்தை எதிர்பாராத பொதுப்பணத்தால் இடப்பட்டதாகும். எந்த வங்கியும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்கப் போவதில்லை.

இந்தியத் திட்டத்தின் கீழ் நான்கு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. கணிமைக்கு பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகமும், தொடர்பாடலுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யும், உணர்கருவிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி.யும், மூலப்பொருட்களுக்கும் சாதனங்களுக்கும் டில்லி ஐ.ஐ.டி.யும் பொறுப்பாகவுள்ளன. பலன்களும் தென்படாமலில்லை. 2024 ஓகஸ்டில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகமும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் புனே ஆய்வுகூடமும் இணைந்து ஆறு கியூபிட் செயலியொன்றைப் பரீட்சித்து முடித்தன. 2025 ஏப்ரலில் பெங்களூரின் கியூபிஏஐ நிறுவனம் 25 கியூபிட் கணினியை அறிமுகப்படுத்தியது. இத்திட்டத்தில் உதவி பெற்ற எட்டு இளம் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

ஆயினும் நமது கவனத்தைக் கூடுதலாக ஈர்ப்பவை அந்த எட்டில் பெயர் அதிகம் அடிபடாத ஏனைய நிறுவனங்களே. அவற்றுள் ஒன்று கடுங்குளிரில் இயங்கும் வடங்களையும், மற்றொன்று லேசர்களையும், இன்னொன்று தனியொரு ஒளித்துகளையும் கண்டறியும் கருவிகளையும் தயாரிக்க முனைந்துள்ளன. இவை பத்திரிகைகளின் முதற்பக்கத்திற்கு வருவனவல்ல. எனினும் மானியத்தின் மெய்யான பயன் இங்குதான் உள்ளதென்பது நமது கருத்து. குளிர்பதனக் கருவிகளை உலகிற்கு வழங்குவன பின்லாந்தின் புளூபோர்ஸ் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே. 2024 செப்டெம்பரில் அமெரிக்கா, குவாண்டம் கணினிகளையும் அவற்றுக்கான குளிர்பதனக் கருவிகள், பெருக்கிகள் முதலியவற்றையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. ஐரோப்பிய நாடுகள் சிலவும் அவ்வாறே செய்துள்ளன. செயலியைச் சொந்தமாக வடிவமைத்துவிட்டு, அதனைக் குளிர்விக்கும் இயந்திரத்திற்காக அயல்நாட்டு அனுமதிப்பத்திரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை எந்த நாட்டிற்கும் உவப்பானதல்ல.

இச்சந்தர்ப்பத்தில் ஆந்திர மாநிலத்தின் அமராவதித் திட்டத்தையும் குறிப்பிட வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் 156 கியூபிட் கணினியை அங்கு நிறுவவிருப்பதாக 2025 இல் அறிவிக்கப்பட்டது. இயந்திரத்தைப் பயன்படுத்தப் பழகுவதற்கு அது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பயன்படுத்துவதும் ஆக்குவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே சாதனையாகக் காட்டும் மேடைப் பேச்சுகள் ஆக்குவோருக்கான நிதியைப் பின்தள்ளிவிடக்கூடும்.

இனி, திட்டத்தின் இலக்கை நோக்குவோம். எட்டு ஆண்டுகளின் முடிவில் 50 முதல் 1000 வரையான கியூபிட்களைக் கொண்ட கணினிகள் உருவாக்கப்பட வேண்டுமாம். ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் இடையே எங்கு நின்றாலும் வெற்றி என்று கூறத்தக்க இலக்கு இது. அன்றியும் எண்ணிக்கை மட்டும் திறமைக்கு அளவுகோலாகாது. ஐ.பி.எம். 2023 இல் 1121 கியூபிட் செயலியை வெளியிட்டது. ஆயினும் 2024 டிசெம்பரில் உலகின் கவனத்தைப் பெற்றது, 105 கியூபிட்களை மட்டுமே கொண்ட கூகிளின் வில்லோ செயலி. கியூபிட்களைக் கூட்டக் கூட்ட வழுக்களைக் குறைக்கலாம் என்பதை அது காட்டியமையே அதற்குக் காரணம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டார்பா நிறுவனம் கையாளும் முறை இங்கு கவனிக்கத்தக்கது. 2033 அளவில் தன் செலவை விஞ்சும் பயனைத் தரும் கணினியை உருவாக்க முடியுமா என்ற ஒரே கேள்வியை அது கம்பனிகளிடம் எழுப்புகின்றது. முதற்கட்டத்தில் சிறு தொகையே கிடைக்கும். கம்பனியின் கூற்றுகளைச் சுயாதீன நிபுணர்கள் துருவி ஆராய்ந்து திருப்தியடைந்தாலன்றி அடுத்த கட்டத்திற்கான பெருந்தொகை கிட்டாது. இந்தியத் திட்டத்திலும் வழு வீதத்தை அடிப்படையாகக் கொண்ட இடைக்கால இலக்குகள் வகுக்கப்பட்டு, பெறுபேறுகள் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படுவதில் யாருக்கும் ஆட்சேபனை இருக்க முடியாது.

2025 நவம்பரில் மும்பை, பெங்களூர், கான்பூர், டில்லி ஆகிய இடங்களில் 720 கோடி ரூபா செலவில் குவாண்டம் உற்பத்திக் கூடங்களும் பொது வசதிகளும் அமைக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. சரியான திசையில் வைக்கப்பட்ட அடி இது. கட்டடமும் இயந்திரமும் ஒரு தடவை வாங்கப்படுபவை. அவற்றை இயக்கும் தொழில்நுட்பவியலாளரின் சம்பளம், ஹீலியம், மின்சாரம், பழுதுபார்ப்பு என்பன ஆண்டுதோறும் வருபவை. திட்டக் காலம் 2031 மார்ச்சில் நிறைவடைந்த பின்னர் இச்செலவுகளை எந்த அமைச்சு எந்தத் தலைப்பின் கீழ் ஏற்கும் என்பதைப் புதுடில்லி இப்பொழுதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.